பகாப்பொருள்: கொங்கு நாட்டில் ஒரு கடவுட் கொள்கையின் வழித்தடம்

பகாப்பொருள் என்பது கூறுகளாகப் பிரிக்க முடியாத பொருள். கடவுள் அத்தகையவர் என்பது கிறித்தவ மெய்யியலின் மிகப் பழைய முடிவுகளில் ஒன்று. கை, கால் போன்ற உறுப்புகள் அவருக்கு இல்லை என்பதோடு இக்கொள்கை நின்றுவிடுவதில்லை. அவருடைய நன்மை வேறு, அவர் வேறு அல்ல. அவருடைய அறிவும் ஆற்றலும் தம்முள் வேறல்ல. அவர் இருக்கிறார் என்பதும் அவர் இன்னதாய் இருக்கிறார் என்பதும்கூட இரண்டு செய்திகள் அல்ல என்கிறது அது. நல்ல மனிதன் நாளைக்குக் கெட்டுப்போகலாம். நன்மை போனாலும் ஆள் மிஞ்சுவான். கடவுளிடம் அப்படிக் கழற்றி வைக்கத்தக்கது ஒன்றுமில்லை.

இக்கொள்கையின் லத்தீன் பெயரை அகராதிப்படி தமிழாக்கினால் ‘எளிமை’ என்று வரும். அது பொருந்தாது. தமிழில் எளிமை என்றால் பகட்டின்மை, வறுமை, கைக்கெட்டும் தன்மை. அடியார்க்கு எளியவன் என்று பக்திப் பாடல்கள் இறைவனைப் போற்றும்போது, அவன் இறங்கி வருவதையே சொல்கின்றன. அவன் கூறற்றவன் என்பதை அல்ல. பள்ளிக் கணக்கின் பகா எண்ணும் இலக்கணத்தின் பகாப்பதமும் காட்டும் ‘பகாமை’ என்ற சொல்லே இதற்கு நெருங்கியது. பகுபதம், பகாப்பதம் என்ற பிரிவை விரிவாகப் பேசும் நன்னூல் 13ஆம் நூற்றாண்டையொட்டி எழுந்தது. அதை இயற்றிய பவணந்தி முனிவரின் ஊரான சனகாபுரம் பெருந்துறைக்குப் பக்கத்திலுள்ள சீனாபுரமே என்று கொங்கு நாட்டார் கொள்வர். அந்தச் சமண முனிவர் பின்னால் இன்னொரு காரணத்துக்காகவும் இங்கே தேவைப்படுவார்.

கொள்கையின் வேர் கிறித்தவத்துக்கு வெளியே இருக்கிறது. 3ஆம் நூற்றாண்டில் புளோட்டினஸ் அனைத்துக்கும் மூலமான ‘ஒன்று’ எவ்வகைப் பன்மையும் அற்றது என்று வாதிட்டார். 430இல் இறந்த அகுஸ்தீனார் அதைக் கிறித்தவர்களின் கடவுளுக்குப் பொருத்தினார்: கடவுளிடம் உள்ளது எதுவோ அதுவாகவே அவர் இருக்கிறார். இசுலாமிய உலகில் இறைவனின் பண்புகள் அவனுக்கு வேறானவையா என்பதில் முஃதசிலா, அஷ்அரி என்ற இரு இறையியல் பிரிவினர் கடுமையாக மோதிக்கொண்டனர். இப்னு சீனா இறைவனின் இருப்பும் இயல்பும் ஒன்றே என்றார். யூத அறிஞர் மைமோனிடிஸ் ஒரு படி மேலே போய், கடவுள் இன்னது அல்ல என்று மட்டுமே மனிதன் சொல்லமுடியும் என்றார்.

ஐரோப்பாவில் இது திருச்சபை வழக்காகவே மாறியது. கடவுள் வேறு, கடவுள்தன்மை வேறு என்று தோன்றும்படி எழுதிய புவாத்தியே ஆயர் கில்பெர்ட்டை 1148இல் ரைம்ஸ் நகர்ச் சங்கத்தில் துறவி பெர்னார்து எதிர்த்து நின்றார். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் கடவுள் முற்றிலும் பகாத இயல்பினர் என்று அறிக்கையிட்டது. அதே அறிக்கை அவர் மூன்று ஆட்கள் என்றும் சொல்கிறது. கூறில்லாதவரிடம் மூன்று எப்படி என்ற கேள்விக்கு லத்தீன் மரபு தந்த விடை: மூன்று ஆட்களும் கூறுகள் அல்ல, ஒருவரிடமிருந்து ஒருவர் வரும் உறவுகள். விடை சரியா என்பது வேறு. கேள்வி அன்று தொடங்கி இன்றுவரை ஓயவில்லை.

தாமஸ் அக்குவினாஸ் (இறப்பு 1274) தம் பெருநூலில் கடவுள் உண்டு என்று நிறுவிய கையோடு எடுத்துக்கொள்வது பகாமையைத்தான். உடல், பருப்பொருளும் வடிவமும், இயல்பும் ஆளும், இயல்பும் இருப்பும், பொதுவினமும் சிறப்பினமும், பொருளும் அதைச் சார்ந்த பண்பும் என ஒவ்வொரு வகைச் சேர்க்கையையும் எடுத்து, இது கடவுளிடம் இல்லை என்று தள்ளிக்கொண்டே போகிறார். அவருடைய வாதத்தின் உயிர்நாடி இதுதான்: சேர்ந்து ஆனது எதுவும் தன் கூறுகளுக்குப் பிந்தியது, அவற்றைச் சேர்த்த காரணம் ஒன்றும் அதற்கு வேண்டும். சென்னிமலைப் போர்வைக்குப் பாவு நூலும் வேண்டும், ஊடை நூலும் வேண்டும், இரண்டையும் தறியில் சேர்க்க நெசவாளரும் வேண்டும். எல்லாவற்றுக்கும் முதற்காரணமானவர் போர்வை போன்றவரானால், அவரை நெய்தவர் யார் என்ற கேள்வி வந்துவிடும்.

எல்லாரும் இதை ஒப்பவில்லை. 1308இல் இறந்த தன்ஸ் ஸ்கோட்டஸ், கடவுளின் அறிவும் அன்பும் பிரிக்க முடியாதவைதாம், ஆனால் அறிவின் இலக்கணம் அன்பின் இலக்கணம் ஆகாது என்றார். நம் மனம் கற்பிக்கும் வேறுபாடு அல்ல அது, பொருளிலேயே உள்ளது என்பது அவர் கட்சி. கிழக்குத் திருச்சபையில் கிரகோரி பலாமாஸ் கடவுளின் உள்ளியல்பையும் அவருடைய செயலாற்றல்களையும் வேறுபடுத்தினார். 1351இல் கான்ஸ்டான்டினோப்பிள் சங்கம் அவர் பக்கம் நின்றது.

இந்த வழக்கு தமிழகம் வருமுன்பே அதற்கான களம் இங்கே உழுது கிடந்தது. ஆறாம் வேற்றுமையின் பொருளை நன்னூல் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று பிரிக்கிறது. சாத்தனது வீடு பிறிதின்கிழமை. விற்றுவிட்டால் சாத்தன் வேறு, வீடு வேறு. சாத்தனது கை தற்கிழமை. தற்கிழமையையும் பவணந்தியார் ஐந்தாக வகுக்கிறார்: பண்பு, உறுப்பு, ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம், திரிபின் ஆக்கம். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் நின்றால் ஐந்தையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். மஞ்சளின் நிறம் பண்பு. கிழங்கிலிருந்து பிரியும் விரலி உறுப்பு. சாக்கிலிருந்து கொட்டிய மஞ்சளின் குவியல் ஒன்றன் கூட்டம். வண்டியும் ஆளும் தராசும் மூட்டையுமாக நிற்கும் சந்தையின் திரள் பலவின் ஈட்டம். அரைத்தபின் கிடைக்கும் மஞ்சளின் பொடி திரிபின் ஆக்கம். கடைசி எடுத்துக்காட்டு உரைகாரர்களே தந்தது.

‘கடவுளது நன்மை’ என்ற தொடரை இந்தப் பட்டியலில் எங்கே வைப்பது? பிறிதின்கிழமை ஆகாது என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. தற்கிழமையிலும் உறுப்பு, கூட்டம், ஈட்டம், திரிபு நான்கையும் அக்குவினாஸ் உடனே தள்ளிவிடுவார். எஞ்சுவது பண்பு. மஞ்சளுக்கும் அதன் நிறத்துக்கும் உள்ள உறவுதானா கடவுளுக்கும் நன்மைக்கும்? நிறம் வெளுக்கலாம், கிழங்கு கிழங்காகவே கிடக்கும். ஆகவே அதுவும் முழுதாகப் பொருந்தாது. ஐரோப்பாவின் ஐந்நூறாண்டுச் சண்டை முழுவதும் இந்த ஒரு வேற்றுமை உருபுக்குள் அடங்கிக் கிடக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

சைவ சித்தாந்தம் இதைக் குணகுணி உறவு என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. சிவத்துக்கும் சத்திக்கும் உள்ள தொடர்பு தீக்கும் சூட்டுக்கும், கதிரவனுக்கும் ஒளிக்கும் உள்ளது போன்றது. பொருள் ஒன்றே, நோக்கும் வகையில் இரண்டு. இதற்குத் தாதான்மியம் என்று பெயர். 1785இல் மறைந்த திருவாவடுதுறை மாதவச் சிவஞான முனிவர் தம் சிவஞான போத உரையில் இதனை நுட்பமாக விளக்கியவர். நன்னூல் விருத்தியுரையைத் திருத்தி விரித்தவரும் அவரே. அவர் மாணவர் கச்சியப்ப முனிவர் கோவையை அடுத்த பேரூருக்குப் புராணம் பாடினார். சீனாபுரத்து இலக்கணமும் சிவஞான போத உரையும் ஒரே கையில் சேர்ந்ததும், அக்கையில் படித்தவர் நொய்யல் கரைக்கு வந்ததும் கொங்கு நாட்டின் தற்செயல்கள். ஆனால் இலக்கணம் தெரியாமல் இங்கே கடவுளைப் பற்றி யாரும் வாதாடவில்லை என்பது தற்செயல் அல்ல.

வைணவத்தில் இராமானுசர் வேறு வழி கண்டார். இறைவன் எண்ணற்ற நற்குணங்களை உடையவன். குணங்கள் அவனுக்கு வேறானவையே, ஆனால் அவனை விட்டுப் பிரிந்து நில்லாதவை. சங்கரரோ உயர்நிலையில் குணம் என்பதையே மறுத்தார். ஐரோப்பியக் கட்சிகளை இவற்றோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்துவது எளிதாகத் தோன்றும். பொருத்தினால் பிழை வரும். அக்குவினாஸ் குணத்தை மறுத்து வெறுமையை நிறுவவில்லை, குணமே கடவுள் என்றார். இந்திய மரபுகளில் அவருக்கு மிக அருகில் நிற்பது சங்கரர் அல்ல, சித்தாந்தியின் தாதான்மியமே. அதுவும் ஸ்கோட்டஸின் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது.

திருக்குறளின் ஒன்பதாம் குறளில் வரும் எண்குணத்தானுக்குப் பரிமேலழகர் சைவாகம வழியில் எட்டுக் குணங்களை எண்ணிக் காட்டுகிறார். முதலாவது தன்வயத்தனாதல், இரண்டாவது தூய உடம்பினனாதல். இந்த இரண்டும் பின்னால் வரப்போகும் ஒரு கிறித்தவப் பட்டியலோடு ஒப்பிடத்தக்கவை.

ரோமில் 1577இல் பிறந்த ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரை வந்தார். இயேசு சபையின் 1599ஆம் ஆண்டுக் கல்வித் திட்டம் இறையியலில் அக்குவினாஸையே ஆசிரியராகக் கொள்ளச் சொல்லியது. அந்தப் பயிற்சி பெற்றவர் அவர். மதுரையில் ஒரு சைவப் பள்ளி ஆசிரியர் அவரோடு பல நாள் அமர்ந்து வாதிட்டார். பதி, பசு, பாசம் மூன்றும் தொடக்கமற்றவை என்பது ஆசிரியரின் நிலை. ஒன்றுமில்லாமையிலிருந்து கடவுள் உலகைப் படைத்தார் என்பது நொபிலியின் நிலை. பகாமைக் கொள்கை நேரடியாக மோதியது இந்த இடத்தில்தான். கடவுளைப் போலவே தொடக்கமற்ற வேறு பொருள்கள் உண்டு என்றால், கடவுள் பாவும் ஊடையும் வெளியிலிருந்து வாங்கி நெய்பவர் ஆகிறார். சித்தாந்திக்கு அதில் குறையில்லை: குயவனுக்கு மண் வேண்டும், மண் வேண்டியதால் குயவன் குயவன் அல்லாமல் போவதில்லை. நொபிலிக்கு அதுவே பெருங்குறை.

1623இல் அவர் மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டுத் திருச்சிராப்பள்ளி வழியாகக் கொங்குப் பகுதிக்குள் வந்தார். அதே ஆண்டு சனவரி 31 அன்றுதான் திருத்தந்தை 15ஆம் கிரகோரி, கிறித்தவராகும் பிராமணர் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்ற ஆணையில் கையெழுத்திட்டிருந்தார். சேந்தமங்கலத்துப் பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர் நொபிலியை நன்கு வரவேற்றார். அங்கிருந்து சேலம், பிறகு அதை அடுத்த மோரமங்கலம். அப்பகுதியில் திருமங்கல நாயக்கர் என்பவர் 1625இல் திருமுழுக்குப் பெற்றார். இன்றைய நாமக்கல், சேலம் மாவட்டங்களில் கிறித்தவக் கடவுட் கொள்கை தமிழில் முறையாகப் பேசப்பட்டதன் தொடக்கம் இந்தப் பயணம்.

நொபிலி செய்த முதல் வேலை சொல் தேர்வு. 1578இல் கொல்லத்தில் அச்சான அண்ட்ரிக் பாதிரியாரின் நூல் கடவுளைத் தம்பிரான் என்றது. நொபிலி சருவேசுரன் என்ற சொல்லை நிலைநாட்டினார். ஞானோபதேசம், தூஷண திக்காரம், ஆத்தும நிர்ணயம் போன்ற அவருடைய நூல்களில் ‘இலட்சணம்’ என்ற சொல் ஓர் அளவுகோல். மெய்யான கடவுளுக்கு இன்னின்ன இலட்சணங்கள் இருந்தே தீர வேண்டும் என்று முதலில் அறிவால் நிறுவுவது, பிறகு எதிர்க்கட்சி வணங்கும் தெய்வத்துக்கு அவை உண்டா என்று கேட்பது: இது அவர் முறை. தருக்க நூல் படித்த தமிழனுக்கு இந்த முறை புதிதல்ல. அதனால்தான் அது எடுபட்டது.

அம்மரபிலிருந்து தமிழ்க் கத்தோலிக்க ஞானோபதேசத்தில் நிலைபெற்றது ஆறு இலட்சணங்களின் பட்டியல். சருவேசுரன் தாமாய் இருப்பவர், தொடக்கமும் முடிவும் அற்றவர், சரீரம் இல்லாதவர், அளவற்ற நன்மையெல்லாம் உள்ளவர், எங்கும் நிறைந்தவர், யாவற்றுக்கும் முதற்காரணர். ‘குறிப்பிடம்’ என்று பெயர் பெற்ற கேள்வி பதில் நூல்கள் வழியே இது ஊர் ஊராகப் போயிற்று. புதுநன்மை வாங்க வேண்டிய பிள்ளைகள் கோவில் தரையில் உட்கார்ந்து, உபதேசியார் கேட்கக் கேட்க ஒரே குரலில் ஒப்பிப்பார்கள். விரல் விட்டு எண்ணினால் ஒரு கை போதாது. ஆறாவது இலட்சணத்துக்கு மறு கை வேண்டும்.

பகாமை என்ற சொல் இந்த ஆறில் இல்லை. சரீரம் இல்லாதவர் என்பது அக்குவினாஸின் முதற்படி மட்டும். ஆனால் முதல் இலட்சணமான ‘தாமாய் இருத்தல்’ முழுக் கொள்கையையும் மடியில் கட்டிக்கொண்டு வருகிறது. பிறரால் ஆகாதவர் என்பது அதன் மேலோட்டமான பொருள். இன்னொன்றால் ஆகாதவர் எனில் தம் கூறுகளாலும் ஆகாதவர், எனவே கூறற்றவர். பரிமேலழகரின் எட்டில் முதலாவதான தன்வயத்தனாதலும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டு பட்டியல்களும் ஒரே வாசலில் தொடங்குவது கவனிக்கத்தக்கது. இரண்டாம் அடியிலேயே வழி பிரிந்துவிடுகிறது: சைவருக்குத் தூய உடம்பு, கத்தோலிக்கருக்கு உடம்பின்மை.

ஒப்பிக்கும் முறையிலேயே ஒரு முரண் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். இலட்சணங்கள் எத்தனை என்றால் ஆறு என்று பிள்ளை சொல்லவேண்டும். அக்குவினாஸிடம் கேட்டால், நம் சொற்களில்தான் ஆறு, அவரிடம் ஒன்றே என்பார். குறிப்பிடம் இந்த விளக்கத்தைப் பிள்ளைகள் தலையில் ஏற்றவில்லை. சருவேசுரன் ஒருவரே என்பதையும், பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து என ஆட்கள் மூவர் என்பதையும், இலட்சணம் ஆறு என்பதையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு மேலே போய்விட்டது. அதைக் குறையாகச் சொல்லவும் முடியாது. மூன்று எண்களையும் ஒரு பாடத்தில் வைத்ததே கேள்வியைத் தூண்டப் போதுமானது.

17ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷனைத் தொடர்ந்து மைசூர் மிஷனின் இயேசு சபையாரும் கோவைப் பகுதியில் பணிபுரிந்தனர். கருமத்தம்பட்டி அவர்களுடைய நிலையங்களில் முதன்மையானது. செபமாலை அன்னை பெயரிலுள்ள அவ்வூர்க் கோவில் 2019இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. தமிழ், கன்னடம் இரண்டும் தெரிந்த குருமார் இந்த எல்லைப்புறத்துக்குத் தேவைப்பட்டனர். சாமியார் ஓர் ஊருக்கு ஆண்டில் சில நாளே வரமுடிந்த காலத்தில் கொள்கையைக் காத்தவர்கள் உபதேசியார்களே. குருமார் நூல்களின் நுட்பமெல்லாம் அவர்கள் நாவில் ஆறு வாக்கியமாகச் சுருங்கியது, சுருங்கியதால்தான் நிலைத்தது.

அதே நூற்றாண்டில் பேரூரில் சாந்தலிங்க அடிகள் வாழ்ந்தார். வைராக்கிய சதகம், அவிரோதவுந்தியார், கொலை மறுத்தல் ஆகியவை அவர் செய்தவை. அவர் பெயரால் விளங்கும் மடம் இன்றும் பேரூரில் உண்டு. அவிரோதம் என்றால் முரணின்மை. மதங்களின் பிணக்கைத் தீர்க்க முயன்ற அப்பெயர் கொண்ட நூலும், பிணக்கை வாதத்தால் வெல்ல முயன்ற தூஷண திக்காரமும் ஒரே நூற்றாண்டின் இரு முகங்கள். சாந்தலிங்கரின் மனைவி துறைமங்கலம் சிவப்பிரகாசரின் தங்கை என்பது மரபுச் செய்தி. அந்தச் சிவப்பிரகாசர்தான் ஏசுமத நிராகரணம் என்ற மறுப்பு நூலை எழுதியவர். அந்நூல் இன்று கிடைக்காதது பெரிய இழப்பு. கிறித்தவக் கடவுட் கொள்கைக்குத் தேர்ந்த தமிழ்ச் சைவப் புலவர் ஒருவர் எந்த இடத்தில் குறி வைத்திருப்பார் என்பதைக் காட்டவல்ல பக்கங்கள் அவை.

நொபிலியின் வழியில் வந்த இயேசு சபையாளர் வீரமாமுனிவர் காலத்துக்குப் பின் இந்த உரையாடல் மெலிந்தது. 1773இல் இயேசு சபை ஒழிக்கப்பட்டதும் 1776இல் பாரிசு வேதபோதக சபையார் பொறுப்பேற்றனர். கோவை 1850இல் தனி மறைமாவட்டத்துக்கு முந்திய நிலையையும் 1886இல் மறைமாவட்ட நிலையையும் அடைந்தது. அதன் முதல் தலைவர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக் 1846இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதே தலையாய வேலை என்பது அவர் கொள்கை. சாதி வழக்கங்கள் பற்றிய சர்ச்சையால் மனம் ஒவ்வாமல் பதவி விலகி, 1856இல் லியோனில் ஆப்பிரிக்க மிஷன் சபையை நிறுவி, 1859இல் பிரீடவுனில் இறந்தார். அவர் வலியுறுத்திய குருமடக் கல்விக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. மெய்யியல் இனி லத்தீனில் படிக்கப்பட்டது. நொபிலி சருவேசுரனைக் குறித்துத் தமிழில் தொடுத்த வாதம், குருமடத்துக்குள் லத்தீன் பாடமாயிற்று. கோவிலில் ஆறு இலட்சணம், குருமடத்தில் அக்குவினாஸ். இரண்டுக்கும் நடுவே தமிழ்ப் பாலம் எழவில்லை.

ரோமில் அதே காலத்தில் கொள்கை மீண்டும் இறுகியது. 1870 ஏப்ரல் 24 அன்று முதலாம் வத்திக்கான் சங்கம், கடவுள் முற்றிலும் பகாத, மாறாத ஆவிப்பொருள் என்றும் உலகுக்கு வேறானவர் என்றும் வரையறுத்தது. உலகும் கடவுளும் ஒன்றே என்ற ஐரோப்பியக் கருத்துகளை மறுப்பது அதன் நோக்கம். 1879இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் (லியோ) அக்குவினாஸைக் குருமடங்களின் தலையாய மெய்யியலாளராக்கினார். கோவையை மறைமாவட்டமாக்கியதும் அவர் காலத்தில்தான்.

சீர்திருத்தத் திருச்சபைகளும் இக்கொள்கையை விட்டுவிடவில்லை. 1561ஆம் ஆண்டு பெல்ஜிய அறிக்கை கடவுளைப் பகாப்பொருள் என்றே தொடங்குகிறது; ஆங்கிலிக்கரின் 39 விதிகளில் முதலாவது, அவருக்கு உடலும் கூறும் இல்லை என்கிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் 1830இல் கோவையில் பணி தொடங்கினார். ஆனால் அந்த மிஷனின் முனைப்பு வேதாகமம், பள்ளிக்கூடம், பிரசங்கம் ஆகியவற்றில் இருந்தது. இலட்சணங்களை நிறுவும் வாதத்தில் அல்ல. கடவுளின் பெயரும் அங்கே மாறியது: பராபரன், பிறகு தேவன். சருவேசுரனா, தேவனா என்ற பெயர் வேறுபாட்டை ஊரார் சபை அடையாளமாகக் கண்டனரே தவிர, இரு சபையும் கூறற்றவர் என்ற ஒரே அறிக்கையைக் கொண்டிருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புதிதாகக் கிளம்பியது. 1980இல் ஆல்வின் பிளாண்டிங்கா, கடவுளுக்கு இயல்பு உண்டா என்று கேட்கும் சிறு நூலில் கொள்கையின் அடிப்படையையே அசைத்தார். கடவுள் தம் பண்புகளே என்றால் கடவுள் ஒரு பண்பு. பண்பு ஒன்றையும் படைக்காது, யாரையும் நேசிக்காது, எதையும் அறியாது. அப்படியானால் செபம் யாரிடம்? 1985இல் எலியனோர் ஸ்டம்பும் நார்மன் கிரெட்ஸ்மனும் கொள்கையைக் காத்து எழுதினர். வேறு சிலர், ‘கடவுளது நன்மை’ என்பது பண்பு ஒன்றைச் சுட்டவில்லை, கடவுள் நல்லவர் என்ற கூற்றை மெய்யாக்கும் பொருளைச் சுட்டுகிறது, அப்பொருள் கடவுளே என்றனர். நன்னூல் மொழியில் சொன்னால், பிளாண்டிங்கா அந்த ஆறாம் வேற்றுமையைப் பண்புத் தற்கிழமையாக வாசிக்கிறார். மறுப்பவர்கள், ஒற்றுமைப் பொருளிலேயே வேற்றுமை உருபு வந்திருக்கிறது, உருபைக் கண்டு இரண்டு பொருள் என்று எண்ணாதே என்கிறார்கள்.

இன்னொரு தடை இன்னும் கூர்மையானது. கடவுளின் விருப்பமும் அவர் இயல்பும் ஒன்றே, இயல்பு மாற முடியாதது என்றால், உலகைப் படைக்க விரும்பியதும் தவிர்க்க முடியாதது ஆகிவிடும். படைக்காமலும் இருந்திருக்கலாம் என்ற விடுதலை போய்விடும். விருப்பம் ஒன்றாயினும் அதனால் விளைவது வேறாயிருக்கலாம், வேறுபாடு உலகின் பக்கமே என்பது அக்குவினாஸ் வழியினரின் விடை. சித்தாந்தத்திலும் இதற்கு இணையான பேச்சு உண்டு: ஐந்தொழிலும் சத்தியின் சங்கற்பத்தால் நடக்க, சிவம் விகாரப்படுவதில்லை, கதிரவன் முன்னிலையில் தாமரை மலர்வதும் நெருஞ்சி திரும்புவதும் கதிரவனை மாற்றுவதில்லை. உவமை அழகானது. ஆனால் கதிரவனுக்கு விருப்பம் இல்லை என்பதால், தடை முழுதும் தீர்ந்தது என்று சொல்வதற்கில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பின் வழிபாடு தமிழுக்கு வந்தது. சருவேசுரன் மறைந்து இறைவன், கடவுள் என்ற சொற்கள் நிலைத்தன. இஸ்பிரீத்துசாந்து தூய ஆவியானார். 1995இல் பொது மொழிபெயர்ப்பு விவிலியம் வெளிவந்தது. மறைக்கல்வி, இலட்சணம் எண்ணும் முறையை விட்டுவிட்டு மீட்பு வரலாற்றைக் கதையாகச் சொல்லத் தலைப்பட்டது. குருமடங்களில் லத்தீன் போய்ப் பெரும்பாலும் ஆங்கிலம் வந்திருக்கிறது. அக்குவினாஸும் பிளாண்டிங்காவும் இன்று அம்மொழி வழியாகவே படிக்கப்படுகிறார்கள். அக்டோபரில் கருமத்தம்பட்டித் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் பழைய குறிப்பிடத்தை ஒப்பிக்கத் தெரிந்த முதியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களிடம் கேட்டால் தாமாய் இருக்கிறார் என்றுதான் முதலில் வரும்.